கூடவே வந்ததா, அதனால் வந்ததா? – மலைத்தோட்ட வாசகர் கேள்வி பதில்

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் இந்த முறை வந்த கடிதங்கள் பலவற்றில் பயிர்தான் வேறு, சந்தேகம் ஒன்றே. இரண்டு விஷயங்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நம்பலாமா? பணத்தை இறக்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி என்பதால் இந்த இதழின் பதில் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊரில் சிறு தேயிலை விவசாயிகள் இருபது பேர் சேர்ந்து கணக்கு எழுதி வருகிறோம். போன ஆண்டு பத்துப் பேர் கடற்பாசிச் சாறு கலந்த வளர்ச்சி ஊக்கி அடித்தார்கள். அவர்களுக்கு ஏக்கருக்குச் சராசரி 4,100 கிலோ பசுந்தேயிலை. அடிக்காத பத்துப் பேருக்கு 3,200 கிலோ. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்கிறார் கடைக்காரர். இந்த ஆண்டு எல்லோரும் வாங்கலாமா? ஒவ்வொரு தோட்டத்தின் விவரத்தையும் தனித்தாளில் இணைத்துள்ளேன்.

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். அதற்கான காரணம் நீங்கள் இணைத்த தாளிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் எதிரே கடைசியாகக் கவாத்து செய்த (செடியை வெட்டிக் குறைத்த) ஆண்டை எழுதியிருக்கிறீர்கள். மிக நல்ல காரியம். பெரும்பாலான கணக்கு நோட்டுகளில் அது இருப்பதில்லை.

தாளைக் கவாத்து வாரியாக இரண்டாகப் பிரித்தோம். ஊக்கி அடித்த பத்தில் எட்டுத் தோட்டங்கள் கவாத்துக்குப் பின் இரண்டாம், மூன்றாம் ஆண்டில், அதாவது நல்ல விளைச்சலில் இருப்பவை. அவற்றின் சராசரி 4,500 கிலோ. மீதி இரண்டு கவாத்து செய்த ஆண்டிலேயே இருப்பவை, சராசரி 2,500. அடிக்காத பத்தில் மூன்றே மூன்றுதான் நல்ல விளைச்சலில் இருக்கின்றன. அவற்றின் சராசரி 4,600. ஏழு கவாத்து ஆண்டில், சராசரி 2,600. ஆக, தனித்தனியே பார்த்தால் இரண்டு பிரிவிலும் அடிக்காதவர்களே 100 கிலோ முன்னால் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிச் சராசரி எடுத்தால் மட்டும் அடித்தவர்கள் 900 கிலோ முன்னால் வந்துவிடுகிறார்கள். கூட்டலில் பிழை எதுவும் இல்லை. இந்த விசித்திரத்தை 1951-ல் எட்வர்ட் சிம்ப்சன் என்ற புள்ளியியலாளர் ஒரு கட்டுரையில் விளக்கினார்; அதனால் இதைச் 'சிம்ப்சன் முரண்' என்கிறார்கள்.

இது ஏன் நடந்தது என்பது தோட்டக்காரருக்குச் சொல்லாமலே புரியும். கவாத்து செய்த செடியில் மாதக்கணக்கில் தெளிக்க இலையே இருக்காது. அந்த ஆண்டில் கையில் காசும் இருக்காது. ஆகவே ஊக்கி வாங்கியவர்கள் பெரும்பாலும் தோட்டம் செழிப்பாக நிற்கிறவர்கள். செழிப்பு ஊக்கியைக் கொண்டுவந்தது என்பதே உங்கள் தாள் சொல்வது. எந்த ஒப்பீட்டிலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: யார் வாங்கினார்கள், ஏன் அவர்கள் வாங்கினார்கள்?

ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். இரு குழுவிலும் கவாத்து ஆண்டுத் தோட்டம் பாதி, விளைச்சல் ஆண்டுத் தோட்டம் பாதி என்று வைத்துக்கொண்டு சராசரி எடுங்கள். அடித்தவர்களுக்கு 4,500-உம் 2,500-உம் சேர்த்துப் பாதி, 3,500. அடிக்காதவர்களுக்கு 3,600. இதை வைத்து ஊக்கி கெடுதல் செய்கிறது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஒரு பிரிவில் இரண்டே தோட்டம், இன்னொன்றில் மூன்றே. ஒரே ஒரு தோட்டத்தில் ஆள் கிடைக்காமல் இரண்டு பறிப்பு தவறியிருந்தாலும் இந்த 100 கிலோ புரண்டுவிடும்.

அடுத்த ஆண்டு நோட்டில் இன்னும் சில பத்திகள் சேருங்கள்: விதை நாற்றுச் செடியா குளோனா (தண்டுத் துண்டிலிருந்து வளர்த்ததா), செடியின் வயது, போட்ட உரத்தின் அளவு, ஸ்பிரிங்க்ளர் உண்டா, கையால் பறித்ததா கத்தரியால் வெட்டியதா. இவை எல்லாம் ஊக்கி அடிக்கும் முன்பே முடிவாகிவிட்டவை. அதனால் இவற்றை வைத்துத் தோட்டங்களைப் பிரித்து ஒப்பிடலாம். தெளித்த பிறகு மாறுகிற எதையும் வைத்துப் பிரிக்காதீர்கள். உதாரணமாக, ஊக்கி உண்மையிலேயே வேலை செய்தால் கொழுந்து சீக்கிரம் வந்து ஆண்டில் ஒரு பறிப்பு கூடலாம். பறிப்பு எண்ணிக்கை சமமான தோட்டங்களை மட்டும் ஒப்பிட்டால் ஊக்கியின் பலனையே நீங்கள் கழித்துவிட்டதாக ஆகும். கம்ப்யூட்டரில் கிடைக்கும் எல்லாப் பத்திகளையும் போட்டு ரிக்ரஷன் (பல காரணிகளின் பங்கைப் பிரித்துக் காட்டும் கணக்கு) ஓட்டுகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்.

கேள்வி: குன்னூர் அருகே தேயிலை. மார்ச் கடைசியில் சிவப்புச் சிலந்தி உச்சத்தில் இருந்தபோது ஒரு புது மருந்து அடித்தோம். ஏப்ரல் மூன்றாம் வாரம் பார்த்தால் சிலந்தியே இல்லை. மருந்து நல்லதுதானே?

பதில்: ஏப்ரலில் கோடை மழை பெய்ததா என்று எழுதவில்லையே! சிவப்புச் சிலந்தி வறண்ட மாதங்களில் பெருகும். நல்ல மழை நாலு விழுந்தால் இலையிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும். மழை வரப்போகிற நேரத்தில் எதை அடித்தாலும், வெறும் தண்ணீரை அடித்தாலும், மூன்று வாரத்தில் குறையத்தான் செய்யும்.

மழையை ஒதுக்கிவிட்டாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நாம் மருந்தைத் தூக்குவது நிலைமை மிக மோசமாக இருக்கும் நாளில், மிக மோசமான பாத்தியில். எதுவும் உச்சத்தில் நிலைத்து நிற்காது. அடுத்த முறை எண்ணும்போது வழக்கமான அளவை நோக்கித் தானே இறங்கும். இந்தப் போக்கை 1886-ல் பிரான்சிஸ் கால்ட்டன் பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை வைத்துக் காட்டினார். உச்சத்தில் தொடங்கிய எந்தச் சிகிச்சையும் பலித்த மாதிரியே தெரிவதற்கு இதுவும் காரணம்.

ஆகவே, முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். அடுத்த மார்ச்சில் ஐம்பது ஐம்பது செடிகளாகப் பதினாறு பாத்திகள் குறியுங்கள்; சுமார் 25 சென்ட்டில் அடங்கிவிடும். ஒரே சரிவில், ஒரே உயரத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளாக எட்டு ஜோடி சேருங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் எதற்கு மருந்து, எதற்கு வெறும் தண்ணீர் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சிலந்தி அதிகம் உள்ள பாத்திக்கே கை மருந்தைக் கொண்டுபோகும். மருந்துத் துளி காற்றில் பரவும் என்பதால் இரண்டுக்கும் நடுவே இரண்டு வரிசை விட்டுவிடுங்கள். தெளிக்கும் முன்னும், 7-ஆம் நாளும், 14-ஆம் நாளும் பாத்திக்கு 20 முற்றிய இலைகள் பறித்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் எண்ணுங்கள். எண்ணுகிறவருக்கு எந்தப் பாத்தி எது என்று தெரியக்கூடாது. மழை பெய்தால் எல்லாப் பாத்திக்கும் சேர்ந்தே பெய்யும். ஜோடிக்குள் தெரியும் வித்தியாசம்தான் மருந்துடையது. மருந்தில் ஒன்றுமே இல்லாவிட்டால், எட்டில் ஏழு அல்லது எட்டு ஜோடிகளில் மருந்துப் பாத்தி ஜெயிப்பதற்கு வாய்ப்பு 256-க்கு 9 மட்டுமே. அப்படி ஜெயித்தால் தைரியமாக நம்பலாம். ஐந்து ஜோடியில் ஜெயித்து மூன்றில் தோற்றால், காசு சுண்டினாலும் அது வரும்.

கேள்வி: குந்தா பக்கம் எங்கள் ஊருக்கு மேலே இருந்த புல்வெளியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) வைத்தார்கள். அதன் பின் ஊற்று கோடையில் வற்றுகிறது. மரம்தான் உறிஞ்சுகிறது என்கிறோம். மழை குறைந்துவிட்டது, மரத்தைக் குறை சொல்லாதீர்கள் என்கிறார்கள் சிலர். இதை எப்படி நிரூபிப்பது?

பதில்: இந்தக் கேள்விக்கு உலகமே எடுத்துக்காட்டும் பதில் ஒன்று உங்கள் மாவட்டத்திலேயே கிடைத்திருக்கிறது. ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றும் சுமார் 32 ஹெக்டேர். இரண்டிலும் புல்வெளியும் சோலையும். 1968 முதல் 1971 வரை அவர்கள் எதையும் நடவில்லை, வெட்டவில்லை. இரண்டு ஓடையிலும் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதை மட்டும் தொடர்ந்து அளந்தார்கள்.

அந்த நான்கு ஆண்டுக் காத்திருப்புதான் முழு ஆய்வுக்கும் உயிர். ஒரு ஓடையில் இவ்வளவு வந்தால் மற்றதில் இவ்வளவு வரும் என்ற உறவு அதில் கிடைத்துவிட்டது. 1972-ல் ஒரு நீர்ப்பிடிப்பின் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். மற்றதை அப்படியே விட்டார்கள். அதன் பின் மழை கூடினாலும் குறைந்தாலும் இரண்டு ஓடைக்கும் ஒன்றாகவே கூடிக் குறையும். மரம் இல்லாத ஓடையின் அளவை வைத்து, மரம் நடாமல் இருந்திருந்தால் இந்த ஓடையில் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்கிட்டு, உண்மையில் வந்ததோடு ஒப்பிட்டார்கள். முதல் பத்து ஆண்டுச் சுற்றில் ஆண்டு நீர்வரத்து 16 சதவீதம் குறைவு. மரத்தை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் 25.4 சதவீதம் குறைவு. மறுதாம்பு மரத்துக்கு வேர் ஏற்கெனவே ஆழமாக ஓடியிருப்பதால் தொடக்கத்திலிருந்தே அது நிறையத் தண்ணீர் எடுக்கிறது. கோடை ஓட்டமும் குறைந்தது. ஊருக்கு வலிப்பது அதுதான்.

மழை குறைந்தது என்ற வாதத்துக்கு இந்த ஆய்வில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். மழை அளவை வைத்துத் திருத்தம் செய்ததால் வந்த பலன் இது இல்லை. மழையை இரண்டு ஓடைக்கும் பொதுவாக்கியதால் வந்தது. ஆகவே, புல்வெளியைக் கற்பூர மரமாக மாற்றினால் ஓடையில் தண்ணீர் குறையும் என்பதை நீலகிரியின் இந்த உயரத்தில் காரண காரியமாகவே சொல்லலாம்.

ஆனால் உங்கள் ஊரின் ஊற்று வற்றியதற்கு அதுதான் காரணமா என்பது தனிக் கேள்வி. பொதுவில் உண்மையானது உங்கள் ஊற்றிலும் நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. மேலே ஒரு ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கலாம். ரோடு வெட்டியபோது நீர்த்தடம் திரும்பியிருக்கலாம். நடுவதற்கு முன் யாரும் அளந்து வைக்கவில்லை; அதனால் இருக்கும் தடயங்களைக் கூட்டித்தான் முடிவுக்கு வர வேண்டும்.

மூன்று பதிவுகளைத் தேடுங்கள். பக்கத்து எஸ்டேட்களில் மழைமானிப் பதிவேடு பல பத்தாண்டுகளுக்கு இருக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையான மழையையும் அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவ மழையையும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, மரம் நட்ட ஆண்டு, வெட்டிய ஆண்டு, கிணறு, ரோடு வந்த ஆண்டு. பிறகு, ஊற்று முதலில் வற்றிய ஆண்டு. இதைத் தனித்தனியாகப் பல பேரிடம் கேளுங்கள், கூட்டத்தில் கேட்டால் முதலில் பேசியவரின் ஆண்டையே எல்லோரும் சொல்வார்கள். மரம் நாற்றாக இருந்த முதல் கோடையிலேயே ஊற்று வற்றியிருந்தால் மரத்தின் மீது சந்தேகம் குறைகிறது. அவ்வளவு சிறு செடி அவ்வளவு தண்ணீர் எடுக்காது. மரம் வளர வளர ஊற்று இளைத்து, வெட்டியதும் கொஞ்ச நாள் தேறி, மறுதாம்பு வந்ததும் மறுபடி இளைத்தது என்றால் சந்தேகம் வலுக்கிறது. ஏனென்றால் மழையோ கிணறோ இந்தத் தாளத்தில் ஏறி இறங்காது.

இன்னொரு வேலை இன்றே தொடங்க வேண்டியது. மேலே மரம் உள்ள உங்கள் ஊற்றையும், சோலையோ புல்லோ மட்டும் உள்ள அடுத்த மடிப்பின் ஊற்றையும் வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலையில் அளந்து வாருங்கள். ஊற்று வாயில் குழாய் வைத்து 10 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி என்று மூன்று முறை பார்த்து, நடு எண்ணை எழுதுங்கள். 25 விநாடி என்றால் நிமிடத்துக்கு 24 லிட்டர். இரண்டு கோடையாவது இப்படி எழுதிய பிறகு மரத்தை அகற்றினால் கணக்கு போட முடியும். ஒரு உதாரணம்: மரம் இருந்தபோது ஏப்ரலில் உங்கள் ஊற்று 12 லிட்டர், பக்கத்து ஊற்று 20. அகற்றிய பின் உங்களது 18, பக்கத்தது 22. பக்கத்து ஊற்றே பத்து சதவீதம் கூடியிருப்பதால், எதுவும் செய்யாவிட்டாலும் உங்களது 13.2 ஆகியிருக்கும். மரத்தை அகற்றியதன் பலன் மீதி 4.8 லிட்டர்தான், 12-லிருந்து 18 ஆனது என்று ஆறையும் அதன் கணக்கில் எழுதக்கூடாது. பத்து ஆண்டு கழித்து யாராவது வாதிடுவதற்கு முன் இந்த நோட்டு ஊரில் இருக்க வேண்டும். அளக்காமல் மரத்தை வெட்டிவிடாதீர்கள் என்று வருந்திக் கேட்டுக்கொள்கிறோம். வெட்டியபின் முந்தைய கோடையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கேள்வி: பூம்பாறையில் மலைப்பூண்டு. எங்கள் குழுக் கணக்கில் பூஞ்சைக்கொல்லி அதிகம் அடித்தவர்களிடம்தான் அழுகலும் அதிகம். மருந்தே அழுகலை உண்டாக்குகிறதா?

பதில்: பெரும்பாலும் காரணத்தைக் காட்டும் அம்பு தலைகீழாக நிற்கிறது. அழுகல் கண்டவர்தான் மருந்துக்கு ஓடுவார். ஆஸ்பத்திரியில் இருப்பவர்களிடம் காய்ச்சல் அதிகம் என்பதால் ஆஸ்பத்திரி காய்ச்சலைத் தருகிறது என்று யாரும் சொல்வதில்லை. உங்கள் கணக்கில் மொத்த மருந்துச் செலவும் மொத்த அழுகலும் மட்டும் இருக்கின்றன, தேதி இல்லை. தேதி இல்லாத கணக்கு எது முன், எது பின் என்று சொல்லாது. அழுகல் முதலில் கண்ட நாள், ஒவ்வொரு தெளிப்பின் நாள் இரண்டையும் எழுதுங்கள். எங்கும் அழுகல் தெரியாத நாளில், முன்கூட்டியே அடித்தவர்களையும் அடிக்காதவர்களையும் எடுத்து, அந்த நாளிலிருந்து முன்னோக்கி ஒப்பிடுங்கள். விதைப்பூண்டு எங்கிருந்து வந்தது, போன போகத்தில் அதே நிலத்தில் என்ன பயிர் என்பவற்றையும் கட்டாயம் குறியுங்கள். பூண்டு அழுகலுக்கு அவை இரண்டும் பெரிய வழி.

கேள்வி: நான் தேயிலைத் தொழிற்சாலையில் இலை எடை போடும் இடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் பதிவேட்டில் தூரத்து ஊர்களிலிருந்து வரும் இலை பக்கத்து ஊர் இலையைவிடத் தரமாக இருக்கிறது. தூரத்து விவசாயிகள் நன்றாகப் பறிக்கிறார்கள் என்று மேனேஜர் கூட்டத்தில் பேசிவிட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் கோபமாக இருக்கிறார்கள்.

பதில்: அவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கலாம். உங்கள் பதிவேட்டில் இருப்பது நீங்கள் ஏற்றுக்கொண்ட இலை மட்டும். திருப்பி அனுப்பிய மூட்டை அதில் இல்லை.

பக்கத்து ஊரிலிருந்து வரும் இலை வாடாமல் வருகிறது. அதனால் கொஞ்சம் முற்றிய இலை கலந்திருந்தாலும் வாங்கிவிடுகிறீர்கள். தூரத்திலிருந்து வரும் மூட்டை அழுத்தத்தில் சூடாகி, ஓரம் சிவந்து வருகிறது. அதில் முற்றிய இலையும் இருந்தால் கட்டாயம் திருப்பி அனுப்புவீர்கள். இரண்டு இலையும் மொட்டுமாக நன்றாகப் பறித்திருந்தால் மட்டும் உள்ளே போகும். ஆக, வாசலில் போட்ட சல்லடையே தூரத்தையும் தரத்தையும் இணைத்துவிடுகிறது. இரு ஊரிலும் பறிப்பு ஒரே மாதிரி இருந்தாலும் உங்கள் பதிவேடு இப்படித்தான் காட்டும். கவாத்துக் கேள்வியில் பிரித்துப் பார்த்ததால் உண்மை தெரிந்தது. இங்கே, ஏற்றுக்கொண்டவை என்று பிரித்ததாலேயே பொய் பிறந்தது. இதற்குக் கணித மருந்து கிடையாது. விட்டுப்போன மூட்டைகளை எழுதுவதே வழி. ஒரு மாதத்துக்கு வாசலுக்கு வரும் ஒவ்வொரு மூட்டையிலும், வாங்குமுன், ஒரு கைப்பிடி எடுத்து எண்ணி, மென்மையான இலை எத்தனை, முற்றியது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். கூடவே ஊர், வந்த நேரம், வாங்கியதா இல்லையா என்பதும் இருக்கட்டும். ஊர்களிலிருந்து இலை சேகரித்து வரும் லீஃப் ஏஜென்ட் வழியிலேயே கழித்த இலையும் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கூடலூரிலிருந்து எழுதுகிறேன். என் மகன் கல்லூரியில் படிக்கிறான். 'தொடர்பு வேறு, காரணம் வேறு' என்று எதற்கெடுத்தாலும் சொல்கிறான். சிகரெட் விஷயத்திலும் அதையே சொல்கிறான். சீட்டுக் குலுக்கி யாரையும் புகைக்க வைத்துச் சோதிக்கவில்லையே, பிறகு எப்படிப் புற்றுநோய்க்குக் காரணம் என்கிறார்கள் என்று கேட்கிறான்.

பதில்: மகன் நல்ல கேள்வி கேட்கிறார், ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறார். காரணம் என்று இன்னும் சொல்ல முடியாது என்றால், வேறு என்ன காரணமாக இருக்கலாம் என்று தேடி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். சிகரெட் விஷயத்தில் அதைத்தான் செய்தார்கள்.

1950-ல் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் லண்டன் ஆஸ்பத்திரிகளில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 709 பேரையும், அதே வயதும் பாலினமும் கொண்ட வேறு நோயாளிகள் 709 பேரையும் விசாரித்தார்கள். புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர் இருவரே. ஒப்பீட்டுக் குழுவின் 649 ஆண்களில் 27 பேர். நோய் வந்தபின் நினைவுகூர்வதில் பிசகு இருக்கலாம் என்ற ஆட்சேபம் வந்தது. 1951-ல் அவர்களே பிரிட்டிஷ் டாக்டர்களுக்குக் கடிதம் அனுப்பி, நலமாக இருக்கும்போதே புகைப்பழக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு, யார் எதனால் இறக்கிறார்கள் என்று காத்திருந்து பார்த்தார்கள். அதிகம் புகைத்தவருக்கு அதிகம், குறைவாகப் புகைத்தவருக்குக் குறைவு, விட்டவருக்கு ஆண்டு செல்லச் செல்ல ஆபத்து இறக்கம் என்றே வந்தது.

புகைக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோயையும் தரலாம் என்றார் புள்ளியியலின் மாமேதை ரொனால்ட் ஃபிஷர். 1959-ல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் மற்றவர்களும் எழுதிய பதிலை மகன் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். புகைப்பவருக்கு ஆபத்து ஒன்பது மடங்கு. அந்த ஒன்பது மடங்கையும் ஒரு மறைந்த காரணி தனியாக விளக்க வேண்டுமென்றால், அந்தக் காரணி புகைக்காதவரைவிடப் புகைப்பவரிடம் குறைந்தது ஒன்பது மடங்கு அதிகம் இருந்தாக வேண்டும். அப்படி ஒன்றை யாராலும் காட்ட முடியவில்லை. இதை நோட்டுக் கணக்குக்கும் பயன்படுத்தலாம். வித்தியாசம் பத்து இருபது சதவீதம் என்றால் எந்தச் சிறு காரணியும் அதை உண்டாக்கிவிடும். ஒன்பது மடங்கை உண்டாக்க மலை போன்ற காரணி வேண்டும், அது கண்ணில் படாமல் இருக்காது.

மகன் பக்கத்துக்கும் ஒரு சாட்சி தருகிறோம். மாதவிடாய் நின்ற பின் ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று கவனித்துத் திரட்டிய ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவில் 16,608 பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் சோதித்தபோது, இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரையால் இதய நோய் குறையவில்லை, சற்றுக் கூடியது. மார்பகப் புற்றுநோயும் கூடியது. 2002-ல் சோதனையை இடையிலேயே நிறுத்தினார்கள். முந்தைய ஆய்வுகளில் மாத்திரை சாப்பிட்டவர்கள் வசதியானவர்கள், டாக்டரை ஒழுங்காகப் பார்க்கிறவர்கள். குறைவுக்கு அது ஒரு முக்கியக் காரணம். அங்கே தெரிந்த வித்தியாசம் ஒன்பது மடங்கின் பக்கத்திலும் இல்லை.

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியர். மாணவர்கள் திட்டப்பணிக்காக ஒரு தோட்டத்தின் 15 ஆண்டுக் காப்பி விளைச்சலையும் மழைப் பதிவேட்டையும் எடுத்தார்கள். மார்ச் மழைக்கும் விளைச்சலுக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு, அதிகபட்சம் 1) 0.6 வந்தது. சந்தோஷப்பட்டோம். பிறகு ஒரு மாணவி, கொடைக்கானல் வரும் சுற்றுலா வண்டிகளுக்கும் விளைச்சலுக்கும் 0.8 வருகிறது என்று காட்டினாள். இப்போது எதை எழுதுவது?

பதில்: அந்த மாணவியைப் பாராட்டுங்கள். 15 ஆண்டுகளில் வண்டியும் ஏறியது, தோட்டமும் வளர்ந்தது. காலத்தோடு ஏறுகிற எந்த இரண்டையும் சேர்த்தாலும் கெழு பெரிதாகவே வரும். அதனால் அளவுகளை விட்டுவிட்டு, போன ஆண்டைவிட இந்த ஆண்டு எவ்வளவு கூடியது, குறைந்தது என்ற வித்தியாசத்தை இரு பக்கமும் எடுத்து மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். வண்டிகளின் 0.8 பெரும்பாலும் அங்கேயே கரைந்துவிடும். வித்தியாசம் எடுத்தபின் 14 ஜோடிதான் மிஞ்சும். அதில் 5 சதவீத மட்டத்தில், அதாவது தற்செயலாக வர நூற்றில் ஐந்துக்கும் குறைந்த வாய்ப்பே உண்டு என்று பொருட்படுத்த, 0.53-க்கு மேல் வேண்டும். பன்னிரண்டு மாத மழையையும் போட்டுப் பார்த்து மார்ச் மட்டும் நன்றாக வந்ததென்று எடுத்தார்களா என்பதையும் கேளுங்கள். அப்படியென்றால் அறிக்கையில் பன்னிரண்டையும் எழுத வேண்டும். பன்னிரண்டு முறை தேடினால் ஒன்று தற்செயலாகவே தேறக்கூடும்.

மழைக்கு இருக்கும் பலம் வண்டிக்கு இல்லாத ஒன்று: அது எந்த வழியில் விளைச்சலை மாற்றுகிறது என்று தெரியும். அராபிகா மொட்டு வறட்சியில் உறங்கி, பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் 25 முதல் 40 மில்லிமீட்டர் பூ மழை விழுந்தால் எட்டுப் பத்து நாளில் மலரும். பிறகு சில வாரத்தில் இன்னொரு மழை விழுந்தால் பிஞ்சு நிற்கும். பூ விரிந்த நாளிலேயே மழை கொட்டினால் கெடுதல். ஆக, மார்ச் மாத மொத்த மழை சரியான அளவுகோலே இல்லை. ஒரே நாளில் வந்த 200 மில்லிமீட்டரும் பயன்படாது. பூ மழை போதிய அளவு வந்ததா இல்லையா, எந்தத் தேதியில் வந்தது, அடுத்த மழை எத்தனை நாளில் வந்தது என்று தினசரிப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். நேர்கோட்டு உறவை மட்டுமே அந்தக் கெழு அளக்கும் என்பதால், முதலில் புள்ளிகளை வரைதாளில் போட்டுக் கண்ணால் பாருங்கள். அராபிகா ஒரு ஆண்டு நிறையக் காய்த்தால் அடுத்த ஆண்டு குறையும். ஆகவே முந்தைய ஆண்டின் விளைச்சல் அதிகமா குறைவா என்று பிரித்து, இரு பிரிவிலும் தனித்தனியே மழையை ஒப்பிட வேண்டும்.

ஆண்டை எப்படி எழுதினார்கள் என்பதையும் சரிபாருங்கள். 2023 மார்ச் மழையில் பூத்தது 2023 நவம்பரிலிருந்து 2024 ஜனவரி, பிப்ரவரி வரை பறிக்கப்படும். பதிவேட்டில் 2023–24 என்று இருப்பதை மாணவர்கள் 2024 என்று பதிந்திருந்தால், பறித்து முடித்தபின் பெய்த 2024 மார்ச் மழையோடு அதைச் சேர்த்துவிட்டார்கள். இந்தத் தவறையே ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். சரியான ஜோடிக்கு ஒரு கெழு, வேண்டுமென்றே ஒரு ஆண்டு தள்ளிய ஜோடிக்கு ஒரு கெழு எடுங்கள். அறுவடைக்குப் பின் பெய்த மழை அந்த அறுவடையை மாற்ற முடியாது. ஆகவே இரண்டாவது பூஜ்யத்துக்கு அருகில் இருக்க வேண்டும். இல்லையென்றால் விளைச்சல் பதிவேட்டைத் திரும்பப் புரட்டுங்கள்: இடையில் பரப்பு கூடியிருக்கிறதா, கிலோ என்பது ஒரு காலத்தில் பழமாகவும் பின்னால் சுத்தம் செய்த கொட்டையாகவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஐந்து, ஆறு மடங்கு வித்தியாசம். ஒரே ஆண்டில் அது மாறியிருந்தால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் செல்லாது.